மருந்தும் மடையும்
(எம். புதுப்பட்டி உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியனுக்கு உழுவுந்தில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது முறையே. மக்கள் வழக்கில் டிராக்டர் எனப்படும் உழுவுந்தின் பின்னே தெளிப்பானைப் பூட்டி, ஓட்டுநர் இருக்கையின் அருகே ஒரு பெட்டியைப் பொருத்தி, அப்பெட்டியின் வழியே நஞ்சின் அளவை ஆளுகின்ற முறை நம் கரிசற் காட்டுக்கும் வந்துகொண்டிருக்கிறது. அப்பெட்டியை எவ்வாறு பொருத்துவது, எவ்வாறு பேணுவது என்பதே இன்றைய பேச்சு. பொருத்துவோர் கைவினைஞர், நான் சொல்வினைஞன். ஆயினும் அப்பெட்டியில் பழுதாவது பெரும்பாலும் கம்பி அன்று, சொல் என்பதைக் கண்டமையால்தான் பேச ஒப்பினேன்.

முதலில் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் வட்டாரத்தில் மருத்துவர் தருவதும் மருந்து. பட்டாசுச் சாலையில் குழாய்க்குள் இடிப்பதும் மருந்து. பருத்திக்கும் மக்காச்சோளத்திற்கும் அடிப்பதும் மருந்து. மூன்றனுள் ஒன்று உயிர் காப்பது. மற்ற இரண்டும் கைதவறினால் உயிர் கொள்வன. பட்டாசு மருந்தின் கொடுமையை நம் மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டோரை ஒரே நாளில் அது கொண்டுபோயிற்று. ஆனால் வயல் மருந்தின் கொடுமை ஓசையின்றி வருவது. அதனால் நம் அச்சத்துக்குள் அது இன்னும் அகப்படவில்லை. 2017-இல் மராட்டியத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிக்கொல்லி தெளித்த உழவரும் கூலியாளருமாக இருபதின்மர் அளவில் மாண்டனர்; பல நூற்றுவர் மருத்துவமனையிற் கிடந்தனர். அவர்கள் அடித்ததும் தங்கள் மொழியில் மருந்துதான்.

எனவே நான் அதனை நஞ்சு என்றே இப்பேச்சு முழுவதும் சொல்வேன். 'பூச்சிமருந்து' என்று சொல்லிப் பழகிய நாவுக்கு அது கசக்கும், கசக்கட்டும். திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்திற்கு மருந்து என்றே பெயர். ஆனால் அதனைப் படித்துப் பாருங்கள்: பெரும்பகுதியும் உண்ணும் அளவைப் பற்றியதே. அளவறிந்தால் உணவே மருந்து. அளவு பிழைத்தால் மருந்தும் நோய். நாம் பேசவிருக்கும் பெட்டியும் அளவு காக்கும் பெட்டியே. ஆங்கிலத்தில் அதனைக் கன்சோல் என்பர். பட்டறையில் கண்ட்ரோல் பாக்சு என்பர். நான் அளவுப்பெட்டி என்கிறேன்.

இப்பொறி நமக்கு ஏன் தேவைப்பட்டது? கரணியம் இரண்டு. நம் ஊர்களில் தெளிப்பானைத் தோளில் சுமக்கும் ஆள் குறைந்துவிட்டார். பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத்தொழிலும் அவரை அழைத்துக்கொண்டன. மற்றொன்று, 2018-இல் இந்தியாவிற்குள் நுழைந்த படைப்புழு. மக்காச்சோளக் குருத்துக்குள் அமர்ந்து தின்னும் அப்புழு வந்தபின், ஒருவர் பத்து ஏக்கரைச் சில நாளில் தெளித்து முடிக்கவேண்டிய நெருக்கடி வந்தது. விரைவு வேண்டுமென்ற இடத்தில் பொறி வந்தது. பொறி வந்த இடத்தில் அளவு வந்ததா என்பதே வினா.

ஒரு கணக்குப் போடுவோம். தெளிப்பானின் இருபக்கமும் விரிகின்ற நெடுங்குழாயைக் கை என்று வைத்துக்கொள்வோம். அரை மீட்டருக்கு ஒரு தெளிமுனையாகப் பன்னிரண்டு முனை. ஆறு மீட்டர் அகலம். உழுவுந்து மணிக்கு 4 கிலோமீட்டர் விரைவில் ஊர்ந்தால் ஒரு மணித்துளியில் 400 சதுர மீட்டர் நனையும். ஓர் ஏக்கர் 4047 சதுர மீட்டர். ஆகவே ஏக்கருக்குப் பத்து மணித்துளி. ஏக்கருக்கு 200 இலிட்டர் நஞ்சுநீர் வேண்டுமெனில், மணித்துளிக்கு 20 இலிட்டர் ஓட வேண்டும். ஓட்டத்தை மாற்றாமல், மேடு கண்டோ ஈரங்கண்டோ விரைவு 3 கிலோமீட்டராகக் குறைந்தால் என்னாகும்? ஏக்கருக்கு ஏறத்தாழ 270 இலிட்டர் இறங்கும். மூன்றில் ஒரு பங்கு மிகுதி. தட்டை கண்டு 5 கிலோமீட்டராக ஓட்டினால் 162 இலிட்டராகக் குறையும். ஒரே புலத்தில், ஒரே நாளில், ஒரு மூலையில் பயிர் கருகும்; மறு மூலையில் புழு பிழைக்கும். பிழைத்த புழு அடுத்த முறை அந்நஞ்சுக்கு எளிதில் மடியாது.

அளவுப்பெட்டி செய்வது இவ்வளவே: சக்கரத்தில் பொருத்திய விரைவுணரியிடமிருந்து விரைவைக் கேட்டறிகிறது, குழாயில் பொருத்திய ஓட்டமானியிடமிருந்து நீரோட்டத்தைக் கேட்டறிகிறது, கையின் அகலத்தை நாம் முன்னரே சொல்லி வைத்திருக்கிறோம். மூன்றையும் பெருக்கி வகுத்து, வேண்டிய அளவினும் மிகுந்தால் ஒரு மின்மடையைச் சற்றே மூடுகிறது. குறைந்தால் சற்றே திறக்கிறது.

மடை என்றேனே, அதனை விளக்க வேண்டும். வால்வு என்பதற்குத் தமிழில் அடைப்பான் என்று எழுதினாருமுண்டு. ஆனால் அடைப்பான் என்றதும் நம் உழவருக்கு மாட்டைக் கொல்லும் நோய்தான் நினைவுக்கு வரும். கண்மாய் கட்டி வாழ்ந்த நமக்கு நீரைத் திறக்கவும் அடைக்கவும் ஆயிரம் ஆண்டாக ஒரு சொல் இருக்கிறதே! கண்மாயில் தலைமடை உண்டு, கடைமடை உண்டு. தெளிப்பானிலும் முழு ஓட்டத்தையும் ஒரே சொடுக்கில் நிறுத்துவது தலைமடை; கையின் இடம், நடு, வலம் என்ற மூன்று பகுதிக்கும் தனித்தனி மடை மூன்று. கண்மாய்ப் பாசனத்திலே கடைமடைக்காரர் படும் பாடு உங்களுக்குத் தெரியும். இங்கேயும் கையின் கடைசி முனைக்கு அழுத்தம் குறைவாகச் செல்லும். எனவே அளந்து பார்க்கும்போது கடைசி முனையை முதலிற் பாருங்கள். சொல் சரியாக அமைந்தால் பொறியின் அமைப்பே விளங்கிவிடுகிறது அல்லவா? சொல்லாய்வறிஞர் பாவாணர் ஆசிரியப் பணி தொடங்கியது நம் மாவட்டத்து முறம்பில். முறம்பு என்பதே சரளைக்கல் மேட்டு நிலத்தைக் குறிக்கும் உழவுச் சொல். நாட்டுப்புறத்து வழக்குச் சொற்களைத் திரட்டுங்கள் என்று வாழ்நாள் முழுதும் வற்புறுத்தியவர் அவர். அகரமுதலியில் தேடுமுன் வரப்பில் தேடுவது நன்று.

உழுவுந்து என்று நான் வகுப்பிற் சொன்னபோது ஒரு மாணவன், "தெளிக்கும்போது அது உழவில்லையே, ஐயா?" என்றான். கூரிய கேள்வி. அவனுக்கு இழுவுந்து என்று வைத்துக்கொள்ள இசைவு தந்தேன்.

இனிப் பொருத்தும் முறை. நம் ஊர் உழுவுந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு மூடிய அறை கிடையாது. வெயிலும் புழுதியும் தெளிசாரலும் ஓட்டுநர் மேலும் பெட்டி மேலும் ஒருங்கே விழும். ஆதலால் பெட்டியைக் கை எட்டும் இடத்தில், கண்ணை வரிசையிலிருந்து நெடுநேரம் திருப்பாமலே பார்க்கும் உயரத்தில், மேலே ஒரு சிறு கூரைத்தகடு அமைத்துப் பொருத்துக. இயக்கக்குழியின் வெம்மை தாக்கும் இடமும், ஏறி இறங்கும்போது கால் படும் இடமும் ஆகா. அதிர்வு தாங்க, தாங்கிக்கும் பெட்டிக்கும் இடையே இரப்பர்த் துண்டு வேண்டும்.

மின்னிணைப்பில்தான் பெரும் பிழை நேர்கிறது. ஒரு பட்டறையில் விளக்குக் கம்பியிலிருந்தே கிளை பிடித்துப் பெட்டிக்கு இணைத்துக் கொடுத்ததைக் கண்டேன். முகப்பு விளக்கைப் போட்டால் எண் துள்ளியது. ஒலிப்பானை அழுத்தினால் பெட்டி அணைந்து எழுந்தது. பெட்டிக்குரிய இரு கம்பியும் நேரே 12 வோல்ட்டு மின்கலத்திற்கே போகவேண்டும்: சிவப்பு நேர்முனைக்கு, மற்றது எதிர்முனைக்கு. பியூசு எனப்படும் உருகி சிவப்புக் கம்பியில், மின்கலத்துக்கு இயன்ற அளவு அண்மையில் இருக்க வேண்டும். அது உருகிப்போனால் அதே அளவுள்ள உருகியை இடுவதன்றி, செப்புக்கம்பியைச் சுற்றிவைப்பது வீட்டிலும் கூடாது, இங்கும் கூடாது. எதிர்முனைக் கம்பியை வண்ணம் பூசிய சட்டத்தில் எங்கோ ஒரு திருகில் முடிந்துவிடுவதும் பயனற்றது. பட்டாசுச் சாலையில் மருந்துக் கலவை அறைக்குள் நுழையுமுன் தரையோடு இணைத்த செப்புத்தகட்டைத் தொட்டு, உடலில் தேங்கிய மின்னை இறக்குகிறீர்கள். அத்தகட்டின் மேல் வண்ணம் பூசியிருந்தால் தொட்டும் பயனுண்டோ? அதே கதைதான் இதுவும்.

உழுவுந்தைக் கிளப்பும்போது பெட்டி அணைந்திருக்கட்டும். கிளம்பும் நொடியில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். சட்டத்தில் எங்கேனும் பற்றவைப்பு வேலை நடந்தால், அதற்கு முன் பெட்டியின் இணைப்பைக் கழற்றி எடுத்துவிடுங்கள். ஒரு தீப்பொறி ஆயிரக்கணக்கான உருபாவைக் கொண்டுபோகும்.

பின்னே தெளிப்பானுக்குச் செல்லும் கம்பித்தொகுதியைப் புகைக்குழாயினின்றும், பி.டி.ஓ. என்று நாம் சொல்லும் சுழல்தண்டினின்றும் விலக்கிக் கட்டுங்கள். அத்தண்டு மணித்துளிக்கு 540 சுற்றுச் சுழல்வது; தொங்கும் கம்பியையும் இழுக்கும், வேட்டி முனையையும் இழுக்கும், அதற்கு வேறுபாடு தெரியாது. தெளிப்பானைத் தூக்கி இறக்கும் இடத்தில் கம்பி சற்றுத் தொய்வாக இருக்க வேண்டும். இறுகக் கட்டினால் முதல் தூக்கலிலேயே அறும். ஓட்டமானி வடிகட்டிக்குப் பின்னே, அதன்மேல் உள்ள அம்புக்குறி நீர் செல்லும் பக்கம் நோக்க அமைய வேண்டும்.

பொருத்தியாயிற்று, இனிப் பெட்டிக்கு எண் கற்பிக்க வேண்டும். இங்கேதான் மொழி குறுக்கிடுகிறது.

ஓர் ஊரில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஓட்டுநர் தம்பி நல்ல உழைப்பாளி. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவர் ஓட்டிய உழுவுந்தின் அளவுப்பெட்டியில் ஒரு சொடுக்கி. ஒருபுறம் 'ஆட்டோ', மறுபுறம் 'மேன்' என்று ஆங்கில எழுத்தில். முன்னது தானே இயங்குவது. பின்னது 'மேனுவல்' என்பதன் குறுக்கம், கையால் இயக்குவது. அப்பருவம் முழுவதும் சொடுக்கி 'மேன்' பக்கமே கிடந்திருக்கிறது. அதாவது, விரைவுக்கேற்ப ஓட்டத்தை மாற்றும் வேலையைப் பெட்டி செய்யவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "மேன்னா ஆளுதானே, ஐயா? ஆளு உக்காந்து ஓட்டுனா அந்தப் பக்கம் போடணும், ஆளில்லாம ஓடுனா ஆட்டோன்னு நெனச்சேன்" என்றார். சுற்றி நின்றோர் நகைத்தனர். எனக்கு நகை வரவில்லை. பள்ளியில் நாம் கற்பித்த ஆங்கிலத்தை அவர் பிழையின்றித்தான் பயன்படுத்தியிருக்கிறார். பிழை, அறியாத மொழியில் அரைச்சொல்லை எழுதி அவர் கையில் நஞ்சைக் கொடுத்தோரது. மேட்டுப்பக்கத்து இளம்பயிர் கருகிக் கிடந்தது. அதற்கு விதை கெட்டது என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார் நிலக்கிழவர்.

நஞ்சுக் குப்பிக்காவது ஒரு காப்பு உண்டு. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் 1971-இல் வந்த நெறிமுறைகளின்படி, குப்பியின் ஒட்டுத்தாளில் இந்தி, ஆங்கிலத்தோடு அவ்வட்டாரத்து மொழி ஒன்றிரண்டும் இருந்தாக வேண்டும். எழுத்தறியாதாருக்காகச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நஞ்சின் கடுமையைக் காட்டும் முக்கோண நிறமும் இருந்தாக வேண்டும். தமிழ் எழுத்து எறும்புக் கண்ணளவே இருக்கிறது என்பது வேறு வழக்கு, இருக்கிறது. ஆனால் அந்நஞ்சை அளந்து தெளிக்கும் பெட்டியில், நான் பார்த்தவரையில், ஒரு தமிழெழுத்தும் இல்லை. நம் ஊர்ப் பெயரின் தலையிலேயே 'எம்.' என்று ஆங்கில எழுத்தைச் சுமந்துகொண்டிருக்கும் நமக்கு இது உறைப்பதில்லை. ஊர்ப்பெயரால் உயிருக்கு ஊறில்லை, சொடுக்கியால் உண்டு.

பெட்டி கேட்கும் எண்கள் நான்கு. கையின் அகலம் ஒன்று. ஓட்டமானியின் எண் ஒன்று. அது ஓட்டமானியின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும், பார்த்து எழுதிவைத்துக்கொள்க. சக்கர எண் ஒன்று: புலத்தில் 100 மீட்டரைக் கயிறு பிடித்து அளந்து, தொட்டியில் பாதி நீரோடு ஓட்டிப் பெட்டியும் 100 காட்டும்வரை திருத்துவது. தார்ச்சாலையில் ஓட்டித் திருத்தாதீர். கரிசல் மண்ணில் சக்கரம் அமிழும், வழுக்கும், எண் வேறாகும். நான்காவது, ஏக்கர் அளவு. இதில் ஒரு பொறி உண்டு. நாம் ஏக்கரிற் பேசுகிறோம். பெட்டி எக்டேரிற் கேட்கலாம். ஓர் எக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர். ஏக்கருக்கு 200 இலிட்டர் வேண்டுபவர், எக்டேரில் கேட்கும் பெட்டியில் 200 என்றே இட்டால் ஏக்கருக்கு 81 இலிட்டரே இறங்கும். 494 என்று இட வேண்டும். அலகு எது என்று பார்க்காமல் எண் இடுவது, படி எது மரக்கால் எது என்று பாராமல் நெல் அளப்பதை ஒக்கும்.

எண் இட்டபின்னும் பெட்டியை நம்பிவிடாதீர். வெறுநீரை நிரப்பி, ஒவ்வொரு முனையின் கீழும் வாளி வைத்து, அரை மணித்துளி பிடித்து அளந்து பாருங்கள். மேற்சொன்ன கணக்கில் ஒரு முனைக்கு 830 மில்லி அளவில் வரவேண்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் மிகுந்தால் முனை தேய்ந்துவிட்டது, மாற்றுக. குறைந்தால் அடைப்பு, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுக. வாயில் வைத்து ஊதுகின்ற வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அதைச் செய்பவர் முனையைத் துப்புரவாக்கவில்லை, நஞ்சை உண்கிறார்.

பெட்டியால் இயலாததும் ஒன்று உண்டு. ஓட்டம் இருமடங்காக அழுத்தம் நான்மடங்கு வேண்டும். நீங்கள் விரைவை இருமடங்காக்கினால், பெட்டி தன் கடமையைச் செய்ய அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும், துளி புகையாகும், ஆடிக்காற்று அதை அடுத்த புலத்துக் களையெடுக்கும் பெண்களின் மேல் கொண்டுபோய்ச் சேர்க்கும். எண் சரியாகவே காட்டும். நஞ்சு வேறிடத்தில் இருக்கும். அழுத்தமானியின் மீதும் ஒரு கண் வேண்டும். காற்று வீசும் பொழுதில் தலைமடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போவதே நன்று.

பேணுதல் சிறுவேலைதான், ஆயினும் நாள்தோறும் வேண்டுவது. தெளித்து முடிந்தபின் தூய நீரைத் தொட்டியில் விட்டு, மும்முறை ஓட்டிக் கழுவுக. அக்கழிநீரையும் தெளித்த புலத்திலேயே தெளிக்க வேண்டும். கண்மாயிலோ ஓடையிலோ விடலாகாது. ஓட்டமானியின் உள்ளே ஒரு சிறு சுழலி உண்டு. பருவ முடிவில் கழற்றிக் கழுவி, விரலால் தட்டினால் தடையின்றிச் சுழல்கிறதா என்று பாருங்கள். பட்டறையின் காற்றழுத்தக் குழாயை அதன்மேல் பிடிக்காதீர். பித்துப்பிடித்தாற்போற் சுழன்று தாங்கி தேயும். பெட்டியை நீர்ப்பாய்ச்சிக் கழுவாதீர். ஈரத்துணியால் துடைத்தாற் போதும். இணைப்பிகளைக் கழற்றி வைக்கும்போது வாயை மூடிக் கட்டுக; பச்சை படிந்த முனையால் வரும் கோளாற்றைத் தேடி நாட்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். பருவம் முடிந்ததும் பெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். கொட்டகையில் விட்டால் எலிக்குக் கம்பி விருந்து.

இன்னொன்று, பெரும்பாலோர் எண்ணிப் பாராதது. முனையைத் துழாவிய கையுறையோடு வந்து பெட்டியின் சொடுக்கியைத் தொடுகிறோம். நஞ்சு சொடுக்கியில் ஒட்டுகிறது. மறுநாள் கையுறையின்றி அச்சொடுக்கியைத் தொட்டு, அதே கையால் வெற்றிலை மடிக்கிறோம். பெட்டியைத் துடைப்பது பெட்டிக்காக மட்டும் அன்று.

சிவகாசி அச்சகங்களில் இந்தியாவின் பல மொழிகளிலும் ஒட்டுத்தாள் அச்சாகிறது. கன்னடத்திலும் வங்கத்திலும் அடித்து அனுப்பும் நாம், நம் வயலில் ஓடும் பெட்டிக்குப் பதினைந்து சொல் அச்சிடலாகாதா? எழுதி வந்திருக்கிறேன். மாசுட்டர் என்ற இடத்தில் 'தலைமடை'. பூம் ஒன்று, இரண்டு, மூன்று என்பனவற்றுக்கு 'இடக்கை', 'நடுக்கை', 'வலக்கை'. ஆட்டோவுக்குத் 'தானே', மேன் என்பதற்குக் 'கையால்'. ஓட்டத்தை ஏற்றி இறக்கும் சொடுக்கிக்குக் 'கூட்டு', 'குறை'. எண் கேட்கும் பொத்தான்களுக்குக் 'கை அகலம்', 'ஓட்ட எண்', 'சக்கர எண்', 'ஏக்கர் அளவு'. இவற்றுள் எதுவும் அரங்கேற்றத்துக்குரிய செய்யுட்சொல் அன்று. நீங்கள் நாள்தோறும் வாயிற் போட்டு மெல்லும் சொல். இதைவிட நல்ல சொல் உங்கள் வழக்கில் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடலாம். அச்சுக்கு இன்னும் போகவில்லை. நீர் புகாத தாளில் அடித்து, மூல எழுத்தை மறைக்காமல் அதன் அருகே ஒட்ட வேண்டும். பழுது பார்ப்பவருக்கு மூல எழுத்தும் வேண்டியிருக்கும். ஏக்கர் அளவுப் பொத்தானின் கீழே மட்டும் எக்டேர்க் கணக்கைச் சிவப்பில் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

வெளியே உழுவுந்து நிற்கிறது, தொட்டியில் வெறுநீர். பன்னிரண்டு முனைக்குப் பன்னிரண்டு வாளி வேண்டும், நான்கே வந்திருக்கின்றன. வீட்டிலிருந்து எடுத்து வருவோர் உடைந்ததும் பழையதுமாகப் பார்த்து எடுத்து வாருங்கள். தொட்டி முன்பு நஞ்சு தெளித்தது. அந்நீர் பிடித்த வாளியை மீண்டும் குடிநீருக்கோ மாட்டுக்கோ வைக்கலாகாது. அச்சிறுவர்களைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். தலைமடையைத் திறக்கப் போகிறார்கள்.